கட்டுவதும் காப்பதும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆர்க்கிடெக்சர் எனும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்தாண்டுகள் கொண்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இத்தனை பாடுபட்டுப் படித்த பிள்ளை, "இனி வரைபடம் போடப் போவதில்லை, கட்டி முடித்த கட்டடங்களைச் சோதிக்கும் பணிக்குச் செல்கிறேன்" என்றால், படிப்பு வீணாயிற்றே எனப் பெற்றோர் கலங்குவர். வீணாகவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

நம்மூரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். கட்டட ஆய்வாளர் அவரல்லர். சுவரின் விரிசல் மேற்பூச்சோடு நிற்கிறதா, அஸ்திவாரம் இறங்கியதால் வந்ததா? ஈரம் கூரையிலிருந்து இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா? உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறதா? இவற்றைக் கண்டறிந்து எழுத்தில் அறிக்கை தருபவரே அவர். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திப் பிணைத்த பிறகே நெய்யும் ஆரணிக்கு, இப்பணியின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

2014 ஜூன் 28 அன்று, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. அருகே நின்ற மற்றொரு கட்டடமும் பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. குறையை உரிய காலத்தில் கண்டு சொல்பவர் எத்தனை குடும்பங்களுக்குக் காவலர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தொழில் மாறுவது இழிவன்று. உஸ்மானியப் பேரரசின் மேதை சினான், படையில் பொறியாளராக இருந்து, ஏறத்தாழ 50 வயதில் தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனவர். புதிய பள்ளிவாசல்கள் பலவற்றை எழுப்பிய அவரே, 1570களில், ஆயிரமாண்டுப் பழமை கொண்ட ஆயா சோஃபியாவை முட்டுச் சுவர்கள் கட்டி உறுதிப்படுத்தினார். அது இன்றும் நிற்கிறது.

இளைஞர்களே! வரையத் தெரிந்தவருக்குக் கட்டடத்தின் உள்ளமைப்பு தெரியும். அது உங்கள் முதல். ஆயினும் அதுமட்டும் போதாது. பழுதின் காரணம் அறிதல், பழுது பார்க்கும் செலவு, கட்டட விதிகள், தெளிவாக அறிக்கை எழுதுதல் ஆகியவற்றை அனுபவமிக்க கட்டமைப்புப் பொறியாளரிடம் இருந்து கற்க வேண்டும். இதற்கு அண்டைத் தொழிலான சொத்து மதிப்பீட்டிலும் வழி உண்டு. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டடக்கலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் உடையவர், உரிய பயிற்சியும் தேர்வும் முடித்து, நிலம் மற்றும் கட்டட மதிப்பீட்டாளராகப் பதிவு பெறலாம். வெளிநாட்டில் பணிபுரிய விரும்புவோர், 1868இல் லண்டனில் தோன்றிய சார்ட்டர்டு சர்வேயர்கள் அமைப்பின் தகுதியையும் நாடலாம்.

ஒன்றை மறவாதீர்கள். விற்பவர் மனம் குளிரவோ வாங்குபவர் பேரம் பேசவோ எழுதப்படும் அறிக்கை, அறிக்கையன்று. அந்தக் கூரையின் கீழ் உறங்கும் குழந்தைகள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பெற்றோர்களே! பிள்ளை இப்பாதையைத் தேர்ந்தால் தடுக்காதீர்கள். சிறிது காலம் வருவாய் குறையலாம். பொறுத்திருந்து துணை நில்லுங்கள். வல்ல இறைவன் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.