மலையேறும் லிஃப்ட்

(பொங்கல் விழாவில் பேசியது)

மகளைப் பார்க்கச் சிலி நாட்டின் சாண்டியாகோவுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் காரில் வால்பரைசோ துறைமுகத்துக்குப் போனோம். சுமார் 120 கிலோமீட்டர். வழியில் கசபிளாங்கா பள்ளத்தாக்கு. பசிபிக் கடலின் பனிமூட்டம் வெயிலைத் தணிப்பதால் வெள்ளை ஒயினுக்கான திராட்சை அங்கே நன்றாக விளைகிறது. நான் குடிப்பதில்லை, கண்ணுக்குப் பச்சையே போதும்.

வால்பரைசோ முழுக்கக் குன்றுகள். தகர வீடுகளுக்கு நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம். மூட்டுவலியுள்ள என் மனைவி, "நான் கீழேயே இருக்கிறேன்" என்றாள். ஆனால் 1883 முதலே அங்கே தண்டவாளத்தில் சரிவாக ஏறும் லிஃப்ட் உண்டு. அதில் அவளும் மேலே வந்து கடலைப் பார்த்தாள்.

1914-இல் பனாமா கால்வாய் திறந்தது. கப்பல் வரத்து குறைந்தது. பிறகு காலப்போக்கில் பல லிஃப்டுகளும் நின்றுபோயின. குன்றின்மேல் வாழும் முதியவர்களை நினைத்துப் பாருங்கள். நம் பிளாக் லிஃப்டின் பராமரிப்புப் பணத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.