பெரிய விளையாட்டும் சிறிய கருவியும்



சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு வந்த அன்று மாலையே வீட்டில் ஒரு வழக்கு எழும். மூன்று அறைகளில் பரந்து கிடந்த பொருள்கள் யாவும் இனி ஓர் அறையில் அடங்க வேண்டும். பீரோ போகட்டும் என்பார் ஒருவர். ஆட்டுக்கல் வந்தே தீரவேண்டும் என்பார் மற்றொருவர். எதை விட்டுச் சென்றாலும் வீடு வீடாகவே இருக்கும், எதை விட்டால் அது வேறு வீடாகிவிடும் என்பதுதான் அவ்வழக்கின் சாரம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் இத்தகைய ஒரு வழக்கே. ஆனால் நடந்த இடம் வேறு. மூட்டை கட்டப்பட்ட பொருளும் வேறு. அது ஒரு வீடியோ விளையாட்டு.

விளையாட்டைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். தங்கள் வீட்டுப் பிள்ளை கையகலக் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, அக்கருவியினுள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்பதையேனும் அறிந்துகொள்ளலாம் அல்லவா?

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் சி.டி. ப்ராஜெக்ட் ரெட் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அந்நாட்டு எழுத்தாளர் ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கதைமாந்தர்களை வைத்து அது 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கெரால்ட் என்பவன் கூலிக்குப் பூதங்களை வேட்டையாடுபவன். தான் மகளைப்போல் வளர்த்த சிரி என்னும் பெண்ணைத் தேடி அவன் ஊர் ஊராக அலைவதே கதை. ஆடுபவரே கெரால்டாகிக் குதிரை மீதேறிச் செல்கிறார். போரினால் பாழான சிற்றூர்கள், சதுப்பு நிலங்கள், பனி மூடிய தீவுகள், நெருக்கமான வீதிகள் கொண்ட நோவிகிராட் என்னும் துறைமுக நகரம் ஆகிய அனைத்தையும் அவர் விரும்பிய வரிசையில் சுற்றி வரலாம். 2016ஆம் ஆண்டுக்குள் இரண்டு துணைக் கதைகளும் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஆடி முடிக்க நூறு மணி நேரத்துக்கும் மேலாகும்.

இந்தப் பெருங்கதை, சுவரில் செருகி இயக்கும் கருவிகளுக்காகவே படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான பிளேஸ்டேஷன் 4 நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்ணும். விசிறி வைத்துச் சூட்டை வெளியேற்றும். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்விட்ச் என்னும் கருவியோ கையில் பிடித்து ஆடத்தக்கது. அதன் திரை 6.2 அங்குலம். உள்ளிருக்கும் மின்கலம் தீருமுன் சில மணி நேரமாவது ஓடவேண்டும். பிடித்திருப்பவரின் உள்ளங்கை சுடவும் கூடாது. ஆகவே அதன் சிப்புக்கு அளந்தே மின்சாரம் தரப்படுகிறது. பெரிய கருவியின் நினைவகம் 8 ஜிகாபைட். சிறியதன் நினைவகம் 4. அதிலும் ஒரு பகுதியைக் கருவி தன் நிர்வாகத்துக்கென எடுத்துக்கொள்ளும். நினைவகத்திலிருந்து நொடிக்கு 176 ஜிகாபைட் வரை அள்ளித் தரும் வாய்க்கால் பெரியதற்கு உண்டு. சிறியதன் வாய்க்கால், எத்தனை திறந்து விட்டாலும், நொடிக்கு 26 ஜிகாபைட்டைத் தொடாது. நீர் நிறைந்த ஏரி இருந்தும் மடை குறுகலானால் வயலில் என்ன ஆகும் என்பதை நம் ஊர் உழவரைக் கேட்டால் சொல்லுவார்.

இந்நிலையில், விளையாட்டு முழுவதையும் ஒரு கதையும் குறையாமல் ஸ்விட்சில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. போலந்து நிறுவனத்தாருடன் சேபர் இன்டராக்டிவ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் அப்பணியை ஏற்றனர். முற்காலத்தில் இத்தகைய நிலை வந்தால் வழக்கம் வேறு. பெரிய விளையாட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, கைக்கருவிக்கென்று வேறொரு சிறு விளையாட்டைச் செய்து விற்றுவிடுவார்கள். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்கிய சிறுவன் வீட்டிற்கு வந்து ஏமாறுவான். இவர்கள் அவ்வழியை நாடவில்லை.

இனி, எதைக் குறைத்தார்கள் என்று காண்போம். இவ்விளையாட்டு நொடிக்கு 30 படங்களைத் திரையில் காட்ட வேண்டும். ஒரு நொடியை ஆயிரம் கூறுகளாக்கினால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 கூறுகளே. அந்நேரத்துக்குள் இருவகை வேலைகள் முடிய வேண்டும். ஒன்று, காட்சியைத் தீட்டும் வேலை. மற்றொன்று, அக்காட்சியில் யார் எங்கே நிற்கிறார், ஓநாய் எப்பக்கம் பாய்கிறது, மழை தொடங்கிற்றா, முன்னொரு நாள் ஆடுபவர் செய்த உதவியைக் கிழவி நினைவு வைத்திருக்கிறாளா என்று கணக்கிடும் வேலை.

தீட்டும் வேலையைக் குறைக்க ஒரு நேர்வழி உண்டு. திரைப்படம் என்பது பிக்சல் என்னும் புள்ளிகளின் கோலம். பெரிய தொலைக்காட்சியில் 1920க்கு 1080 என்னும் கணக்கில் இருபது லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் இடவேண்டும். ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது இவர்கள் உச்சமாக வைத்தது 960க்கு 540. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்து லட்சம். சரியாகக் கால் பங்கு. அதுவும் நிலையான அளவன்று. வீதியில் கூட்டம் மிகுந்தால் புள்ளிகள் தாமே குறையும். வெறும் வானத்தைப் பார்த்தால் கூடும். எதிர்பாராமல் விருந்தினர் வந்துவிட்டால் ரசத்தில் ஒரு செம்பு நீர் சேர்க்கும் இல்லத்தரசியின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லலாம். பந்தியில் எவரும் பசியோடு எழமாட்டார்; நாக்குக் கூர்மையானவர் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்.

நிழல்களின் கூர்மையைக் குறைத்தார்கள். சுவரிலும் ஆடையிலும் போர்த்தும் வண்ணப் படங்களைச் சிறியவையாக்கினார்கள். தொலைவில் தெரியும் புல்லையும் செடியையும் சிக்கனமாக நட்டார்கள். ஆறங்குலத் திரையில் இவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

கடினமானது இரண்டாம் வகை வேலைதான். புள்ளியைக் கால் பங்காக்கலாம். ஆனால் ஓநாயின் பாய்ச்சலைக் கால் பங்காக்க முடியுமா? கிழவியின் நினைவில் பாதியை அழிக்க முடியுமா? அழித்தால் அது வேறு விளையாட்டாகிவிடும். நோவிகிராட் வீதியில் ஆளில்லாமற் செய்துவிட்டால் கணக்கு எளிதாகும் என்பது உண்மையே. ஆனால் அப்போது அது நகரமாக இராது. ஆகவே இங்கே வெட்டுக்கத்தி உதவாது. செய்ததையே குறைந்த நேரத்தில் செய்யும் வழிகளைத் தேடி, எழுதிய நிரலை வரிவரியாகப் பிரித்துத் திரும்ப எழுத வேண்டும். காண்பவருக்குத் தெரியாத வேலை இதுதான். பாராட்டில் இதற்குப் பங்கு குறைவு, உழைப்பில் மிகுதி.

மூட்டையின் அளவும் ஒரு சிக்கலாயிற்று. கணினியில் ஐம்பது ஜிகாபைட் அளவுக்கு இடம் கேட்ட விளையாட்டு, தபால் தலை அளவே உள்ள 32 ஜிகாபைட் அட்டையில் அடங்க வேண்டும். படச்சுருள்களை மேலும் சுருக்கினார்கள். இரண்டு துணைக் கதைகளும் உட்பட எல்லாம் அந்த ஓர் அட்டையிலேயே அடங்கிவிட்டன. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது.

குறை இல்லையா என்றால், உண்டு. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. கருவியைப் பெரிய தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்த்தால் காட்சி மங்கலாகத் தெரியும். மரமும் புதரும் அடர்ந்த சதுப்பு நிலத்தில் குதிரையை விரட்டினால் படங்கள் தடுக்கி விழுவதும் உண்டு. என் கண்ணுக்கு அந்த மங்கல் உறுத்தவில்லை. தெளிவான படத்தில் பாதிக் கதையைக் காண்பதைவிட மங்கிய படத்தில் முழுக் கதையைக் காண்பதையே நான் தேர்ந்துகொள்வேன். மாற்றுக் கருத்துடையோர் பலர்.

மூட்டையே கட்டாமல் தப்பிக்கவும் ஒரு வழி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ‘கண்ட்ரோல்’ என்னும் விளையாட்டு ஸ்விட்சுக்கு வந்தது. ஆனால் அது கருவியினுள் ஓடவில்லை. தொலைவிலுள்ள பெருங்கணினிகளில் ஓட, அதன் காட்சி மட்டும் இணையத்தின் வழியே வந்துகொண்டிருந்தது. இதை எடுத்துச் செல்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுகள் ரயிலில் வருபவர்களுக்குத் தெரியும், நடுவழிக் காட்டில் தொலைபேசிக்கு என்ன கதி நேர்கிறது என்று.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சிறு கருவியில் இவ்வளவு கவனம் காட்டிய அதே போலந்து நிறுவனம், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டது. கணினியில் பெரிதாகச் செய்துவிட்டுப் பிறகு பழைய கருவிகளுக்கு ஏற்றவாறு சுருக்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார்கள். அந்தச் சுருக்கும் வேலையைத் தாங்கள் எளிதாக எண்ணிவிட்டதாக நிறுவனத் தலைவர்களுள் ஒருவரே பின்னர் ஒப்புக்கொண்டார். வெளியான சில நாட்களிலேயே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை விலக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. விட்சரை மூட்டை கட்டியவர்கள் புறப்படுமுன்பே பெட்டியின் அளவை அறிந்திருந்தார்கள். இங்கோ லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் அளக்கத் தொடங்கினார்கள் போலும்!

விட்சரின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்விட்ச் பதிப்புக்குத் திருத்தம் ஒன்று வந்தது. நிழல், புல், நீர் போன்றவற்றில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை ஆடுபவரே ஓரளவு தேர்ந்துகொள்ள அது வழி செய்தது. அத்துடன், கணினியில் ஆடி நிறுத்திய இடத்தைக் கைக்கருவிக்கு மாற்றிக்கொள்ளவும் இடமளித்தது. வீட்டு மேசையில் நோவிகிராட் வாயிலில் கெரால்டை நிறுத்திவிட்டுப் புறப்பட்ட இளைஞன், ரயில் பெட்டியின் மேல் படுக்கையில் சாய்ந்தபடி அதே வாயிலுக்குள் அவனை நடத்திச் செல்லலாம்.