கூரைப் பனியை எங்கே விழுத்துவது?



2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரொறன்ரோவில் கார்டினர் விரைவுச்சாலையின் ஒரு பகுதியை மூடினார்கள். வாகன விபத்து எதுவும் இல்லை. சி.என். கோபுரத்தில் படிந்திருந்த ஐஸ் பாளம் பாளமாகக் கழன்று விழத் தொடங்கியிருந்தது. 553 மீற்றர் உயரக் கோபுரம் என்பதால் அது செய்தியானது. எங்கள் வீட்டுக் கூரையின் விளிம்போ நிலத்திலிருந்து ஐந்தாறு மீற்றர்தான். அங்கிருந்து விழுவது எந்தச் செய்தியிலும் வராது. பீலி பிடுங்கப்படும், காஸ் மீற்றர் நெளியும், கதவைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடம் புறப்படுகிற பிள்ளை கீழே நின்றால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

இன்னும் பனி கொட்டத் தொடங்கவில்லை. அதனால்தான் இதை இன்றைக்கே கதைக்கிறேன். கொட்டிய பிறகு கூரையில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அதில் பாதி ஆபத்தானது.

முதலில் எடையைப் பார்ப்போம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றருக்கு நூறு கிலோ அளவில், சில வேளை அதற்கும் குறைவாக இருக்கும். சில நாள் கிடந்து இறுகினால் இருநூறு, முந்நூறு கிலோ. மேலே மழை பெய்து ஊறினால் இன்னும் ஏறும். முழு ஐஸாகவே மாறினால் 900 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சாதாரண வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் 10 மீற்றர் அகலம், முகட்டிலிருந்து விளிம்பு வரை 4 மீற்றர் என்று வையுங்கள். அதில் 30 சென்ரிமீற்றர் இறுகிய பனி. கன மீற்றருக்கு 250 கிலோ என்றால் மொத்தம் 3,000 கிலோ. ஏறத்தாழ இரண்டு காரின் எடை. ஒழுங்காகக் கட்டிய கூரை இதைத் தாங்கும். அதற்காகத்தான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். அந்த 3,000 கிலோ ஒரே நேரத்தில் கீழே வந்தால்தான் சிக்கல்.

ஒரே நேரத்தில் வருவது உலோகக் கூரையில். அண்மைக் காலமாக எங்கள் ஆட்கள் பலர் ஷிங்கிளைக் கழற்றிவிட்டு உலோகக் கூரை போடுகிறார்கள். நீண்ட காலம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வழுக்கும். குளிர் தணிந்து வெயில் எறிக்கிற ஒரு பெப்ரவரி நாளில், எட்ட நின்று அந்தக் கூரையைப் பாருங்கள். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே பனியில் ஒரு கோடு வெடித்திருக்கும். அதற்குக் கீழே இருக்கிற முழுப் பனியும் ஒரே தகடாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டி ஒரு முழம், இரண்டு முழம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நுனி சுவர்ப் பக்கமாக உள்ளே சுருண்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டும். கூரை உலோகத்துக்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த நேரம் அந்தச் சுவரோரமாக நடக்காதீர்கள். அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பானின் மேற்குக் கரையோரம், நீகாத்தா போன்ற இடங்களில், மீற்றர் கணக்கில் பனி கொட்டும். அங்கே வீடு கட்டும்போதே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்கள்: இந்தக் கூரை பனியை விழுத்தும் கூரையா, தாங்கும் கூரையா, உருக்கும் கூரையா? விழுத்தும் கூரை என்றால் சரிவு கூட. பக்கத்தில் பனி விழுந்து குவிய வெற்று நிலம் விடுவார்கள். தாங்கும் கூரை என்றால் மரமும் தூணும் அதற்கேற்பப் பருமனாக இருக்கும். உருக்கும் கூரைக்கு அடியில் சூடாக்கும் ஏற்பாடு, அதற்கு எரிபொருள் செலவு. ஷிராகவாகோ கிராமத்தில் புல் வேய்ந்த பழைய வீடுகள் இருக்கின்றன. 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றின் கூரைச் சரிவு ஏறத்தாழ 60 பாகை. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரைதான் வீடு; சுவர் சும்மா பெயருக்கு.

நாங்கள் அப்படி முடிவெடுப்பதில்லை. நிறம் பார்த்து, விலை பார்த்துக் கூரை போடுகிறோம். பனி எங்கே விழும் என்று யோசிப்பது அது முதல் தடவை விழுந்த பிறகுதான்.

ரொறன்ரோ புறநகர்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சில அடி இடைவெளிதான். அந்த ஒடுக்கமான பக்கத்தில்தான் காஸ் மீற்றர், ஃபர்னஸின் புகைக்குழாய், பேஸ்மென்ட் வாசல் எல்லாம். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தால் அவர்களுக்கு அதுதான் வழி. பனி விழக் கூடாத இடம் அதுவே. அங்கே விழுத்த முடியாதென்றால் கூரையிலேயே பிடித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் பனித்தடுப்பு, கடைகளில் ஸ்னோ கார்ட் என்பார்கள். ஆல்ப்ஸ் மலை ஊர்களில் பழைய பண்ணை வீடுகளின் கூரை விளிம்போரம் உருண்டை மரக்கட்டையைப் படுக்க வைத்துக் கட்டியிருப்பார்கள். இப்போது அதே இடத்தில் உலோகக் குழாயோ கம்பி வேலியோ ஓடும். அமெரிக்காவின் வடகிழக்கில் பலகைக்கல் வேய்ந்த பழைய கூரைகளில் வார்ப்பிரும்பில் செய்த சின்னச் சின்னக் கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அலங்காரம் என்று நினைப்போம். பனியைப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை.

எங்கள் ஊரில் இதில் நடக்கும் பெரிய தவறு ஒன்று. கதவுக்கு மேலே மட்டும் நாலு தடுப்பைப் பூட்டிவிட்டு, பாதுகாப்பு முடிந்தது என்று இருந்துவிடுவது. பனி ஒரே தகடாகத்தான் கிடக்கிறது. நாலு தடுப்புப் பூட்டினால் அந்தப் பக்கத்துத் தகட்டின் பாரமெல்லாம் அந்த நாலின் மேல்தான் வரும். ஒரு நாள் தடுப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். இப்போது விழுவது பனியும் இரும்பும். ஆகவே விளிம்பு முழு நீளத்துக்கும் வேண்டும். சரிவு நீளமாக இருந்தால் மேலேயும் இன்னொரு வரிசை, தேவைப்பட்டால் இன்னும் ஒன்று. எத்தனை வரிசை, எவ்வளவு இடைவெளி என்பது சரிவையும் அந்த ஊரின் பனிப் பாரத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டாமல் விலை மட்டும் சொல்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பூட்டும் முறையும் முக்கியம். தகடுகள் நிமிர்ந்த மடிப்பாகச் சேர்ந்திருக்கும் கூரை என்றால், அந்த மடிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் உண்டு. ஓட்டை போடத் தேவையில்லை. திருகாணி அடித்த கூரை என்றால் அடியில் இருக்கும் மரத்தில் ஏறுமாறு பூட்டி, ஓட்டையை நீர் புகாமல் அடைக்க வேண்டும். பசையில் ஒட்டும் பிளாஸ்டிக் தடுப்பும் விற்கிறார்கள். பசை பிடிக்க வெப்பமான நாட்கள் வேண்டும். நவம்பரில் ஒட்டினால் ஜனவரியில் பூச்செடிக்குள்தான் தேட வேண்டியிருக்கும். சூரியத் தகடு பூட்டியவர்களுக்கும் இதே கதை. கண்ணாடியைப் போல வழுக்குவது வேறில்லை. அதற்குக் கீழேயும் தடுப்பு வேண்டும். பீலியைக் கூரைச் சரிவின் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே தாழ்த்திப் பூட்டினால், சறுக்கி வரும் பனி அதைத் தொடாமல் தாண்டிப் போகும். இது செலவில்லாத யோசனை, பீலி மாற்றும்போது சொன்னால் போதும்.

சரி, பெரும்பாலான வீடுகளில் இன்னும் ஷிங்கிள்தானே. அதன் சொரசொரப்புப் பனியைப் பிடித்துவைக்கும். சறுக்கல் குறைவு. அங்கே வேறு வருத்தம், ஐஸ் அணை.

அது உண்டாகும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டுச் சூடு மேலே அட்டிக்குக்குள் கசிகிறது. கூரைப் பலகை சூடாகிறது. வெளியே மைனஸ் 10 பாகை என்றாலும், மேலே கிடக்கும் பனி குளிரை உள்ளே விடாததால், பலகையை ஒட்டிய பனி உருகுகிறது. அந்த நீர் சரிவில் இறங்கி, சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்கு வருகிறது. அந்த விளிம்புக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. நீர் அங்கே உறைகிறது. இப்படி நாளுக்கு நாள் உறைந்து விளிம்போரம் ஒரு வரம்பு எழும்புகிறது. அடுத்து உருகி வரும் நீர் அதற்குப் பின்னால் தேங்குகிறது. ஷிங்கிள் கீழ்நோக்கி ஓடும் நீருக்காகச் செய்யப்பட்டது. தேங்கிய நீர் அதன் அடியால் மேலேறும்போது அதனால் தடுக்க முடியாது. சில நாளில் படுக்கையறைச் சீலிங்கின் மூலையில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும்.

பீலியிலிருந்து நீளம் நீளமாகத் தொங்கும் ஐஸ் ஈட்டிகளைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இல்லாமல் உங்கள் வீட்டில் மட்டும் அது தடிப்பாகத் தொங்கினால், உங்கள் ஹீற்றிங் காசு கூரை வழியாகப் போகிறது என்று பொருள். பனி கொட்டிய மறுநாள் காலை தெருவில் நடந்து பார்த்தாலே எந்த வீடு சூட்டைக் கசியவிடுகிறது என்று கண்டுபிடிக்கலாம். நெதர்லாந்தில் ஹார்லெம் நகரப் பொலிசார் 2015இல், வரிசையில் ஒரு கூரையில் மட்டும் பனி இல்லாததைக் கண்டு உள்ளே போய்க் கஞ்சாத் தோட்டத்தையே பிடித்தார்கள். செடிகளுக்குப் போட்ட விளக்குச் சூடு காட்டிக்கொடுத்துவிட்டது.

எங்கள் வீடுகளில் கஞ்சா இல்லை. புட்டும் இடியப்பமும் இருக்கின்றன. அவிக்கிற ஆவி, ஏழெட்டுப் பேர் குளிக்கிற ஆவி எல்லாம் மேலேதான் போகும். குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே முடிகிற வீடுகளும் உண்டு. அட்டிக் மூடியின் ஓரம், சீலிங்கில் பதித்த விளக்குகளைச் சுற்றிய ஓட்டை, தண்ணீர்க் குழாய்கள் மேலேறும் இடுக்கு, இவைதான் சூடு கசியும் வழிகள். முதலில் இவற்றை அடைக்க வேண்டும். அதன் பிறகே மேலே இன்சுலேஷன். இந்த ஒழுங்கை மாற்றி, ஓட்டைகளின் மேலேயே பஞ்சைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். ஒன்ராறியோவில் இப்போது கட்டும் வீடுகளின் அட்டிக்கில் ஆர்-60 என்ற அளவில் போடுகிறார்கள். கண்ணாடியிழைப் பஞ்சு என்றால் அரை மீற்றருக்கு மேல் உயரம் நிற்கும். 1960, 70களில் எழுந்த ஸ்காபரோ வீடுகளில், பிறகு யாரும் கூட்டிப் போடவில்லை என்றால், அதில் பாதியும் இராது. ஓர் அடிமட்டத்தைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டிக் குளிராக இருக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதற்காகத்தான் விளிம்பின் அடியிலும் முகட்டிலும் காற்றுத் துளைகள். சீலிங்கின் 300 சதுர அடிக்கு 1 சதுர அடியாவது துளை வேண்டும் என்பது கட்டட விதி. விளிம்பில் பஞ்சு அடைத்துக்கொண்டால் அந்தத் துளை இருந்தும் இல்லாததுதான். ஷிங்கிள் மாற்றும் காலம் வரும்போது இன்னொன்றையும் கேளுங்கள். விளிம்பிலிருந்து 900 மில்லிமீற்றராவது, சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் வரையாவது, நீர் புகாத விரிப்பு அடியில் போட வேண்டும். அணை கட்டினாலும் நீர் உள்ளே இறங்காது. விளிம்பில் வளைத்து வளைத்துப் போடும் சூடாக்கும் வயர் தற்காலிக உதவிதான். மின்சாரக் கட்டணம் அதைவிட நீளமாக வரும்.

இந்த மாரியில் அணை கட்டியே விட்டது என்றால்? கோடாலியும் சுத்தியலும் வேண்டாம். குளிரில் ஷிங்கிள் நொறுங்கும். கல்லுப்பும் வேண்டாம், தகரத்தை அரிக்கும், புல்லைக் கருக்கும். கால்சியம் குளோரைட்டை ஒரு நைலோன் காலுறையில் நிரப்பி, அணைக்குக் குறுக்கே வைத்தால் நீர் வடிய ஒரு வாய்க்கால் உருகும். அதை எட்டி வைக்க முடியாத உயரம் என்றால் நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். பனி கொட்டும் ஒவ்வொரு தடவையும் நிலத்தில் நின்றபடி நீண்ட பிடி போட்ட கூரை வாரியால் விளிம்பிலிருந்து மூன்று நாலு அடி வரை இழுத்துவிட்டால் அணை கட்டாது. பிடி அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். வீட்டுக்கு வரும் மின்கம்பி மேலால் போனால் அந்தப் பக்கம் கைவைக்க வேண்டாம். விழுத்திய பனி ஃபர்னஸின் புகைக்குழாயை மூடியிருந்தால் உடனே கிளறி எடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கடைசியாக, கூரைக்கு ஏறுவதைப் பற்றி. 2005-06 மாரியில் ஜப்பானில் பனியால் 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பனிச்சரிவில் சிக்கியவர்கள் அல்லர். பனி அள்ளும்போது, அதிலும் கூரையில் நின்று அள்ளும்போது மாண்டவர்கள். பலர் முதியவர்கள், தங்கள் சொந்த வீட்டில். பனியோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி. ஐம்பது வயதில் இங்கு வந்து, அறுபத்தைந்தில் ஏணியைச் சாத்துகிற எங்கள் அப்பாமாரைத் தயவுசெய்து தடுங்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதால்தான் அவர்கள் ஏறுகிறார்கள். இந்தச் சனி ஞாயிறு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ரோர்ச் லைற்றோடு அட்டிக் மூடியைத் திறந்து நீங்களே பாருங்கள். பீலிக்குள் கிடக்கும் இலைகளையும் அப்படியே அள்ளிவிடுங்கள். பனி விழுந்த பிறகு ஏணி கராஜிலேயே இருக்கட்டும்.