பிள்ளைகளின் கல்வியும் 12-ஆம் விதியும்

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1957-இல் நடப்புக்கு வந்த நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் விதி கல்வியைப் பற்றியது. அரசாங்கப் பள்ளிகளில் மாணவரைச் சேர்ப்பதிலும் கட்டணத்திலும் சமய, இன, வம்சாவளிப் பாகுபாடு கூடாதென்கிறது. (153-ஆம் விதியின் ஒதுக்கீடுகள் வேறு, அதை இங்கே விரிக்கவில்லை.) ஆனால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டு என்ற வாசகம் அதில் இல்லை. கல்விச் சட்டத் திருத்தத்தின் வழி 2003-இல்தான் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பிள்ளையைச் சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றவர் தீர்மானிப்பார் என்பதும் இதே விதியில்தான் உள்ளது. பெற்றவர் என்றால் ஒருவரா, இருவருமா? 2009-இல் தம் மூன்று பிள்ளைகளும் தமது சம்மதமின்றி மதம் மாற்றப்பட்டதை எதிர்த்து இந்திரா காந்தி அம்மையார் வழக்காடினார். இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 29.1.2018-இல். அதற்குள் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்துவிட்டார்கள்!

ஒவ்வொரு சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைக் கற்பிக்க நிலையங்கள் நடத்தலாம் என்கிறது இரண்டாம் உட்பிரிவு. நம் ஆலயச் சமய வகுப்பு அந்த உரிமையில் நடப்பது. ஆசிரியனாயிருந்தவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்குத் தாராளமாகத் தருகிறோம், வகுப்புக்குப் பாடநூல் வாங்கக் கேட்டால் மௌனம். இவ்வாண்டு உபயப் பட்டியலில் சமய வகுப்பையும் சேர்த்துள்ளோம். உபயம் ஏற்போரும் பிள்ளைகளைப் பதிவோரும் ஆலய அலுவலகத்தில் செயலாளரைக் காணலாம்.