தொந்தரவு: யாருக்கு, எப்போது?

(நமது சங்கத்தின் பொங்கல் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் அதிகம் புழங்கும் சொல் எது என்று கேட்டால் 'மெயின்டனன்ஸ்' என்பீர்கள். என் ஓட்டு 'தொந்தரவு' என்ற சொல்லுக்கு. வாட்ஸ்அப் குழுவில் அது வராத வாரம் இல்லை.

இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்திலும் உறவு உண்டு. கன்னடத்தில் 'தொந்தரெ' என்றால் தொல்லை. தெலுங்கில் 'தொந்தர' என்றால் அவசரம். நம்மிடையே அந்த மொழி பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருடைய அவசரம்தான் பல நேரம் இன்னொருவருக்குத் தொந்தரவு. வழியை மறித்து நிறுத்திய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே பொருளில் வேறு சொற்களும் இருக்கின்றன. நாள்கணக்கில் நீடித்தால் தொல்லை. அதனால்தான் 'கொசுத் தொல்லை' என்கிறோம். வடமொழியில் வன்முறையைக் குறிக்கும் 'ஹிம்சை' தமிழில் இம்சையாகி, அன்றாட எரிச்சலுக்கும் பெயராகிவிட்டது. 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தின் பெயரைக் கேட்டதுமே நாம் சிரித்தோம். சென்னைப் பேச்சில் வரும் 'பேஜார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. சலித்துப் போன நிலை என்று பொருள்.

ஆனால் இவற்றில் தொந்தரவுக்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு. "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லி ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாம். "இம்சைக்கு மன்னிக்கணும்" என்றால் வேடிக்கையாகிவிடும். ஆக, இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் புகார். நம்மைப் பற்றிச் சொன்னால் பணிவு.

சிக்கல் என்னவென்றால், பணிவாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாதவர்கள் சொல்கிறார்கள். ஞாயிறு மதியம் சுவரில் டிரில் போடுகிறவர் எதுவும் சொல்வதில்லை. தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவோ நெஞ்சு வலித்தாலும், "இந்த நேரத்துல அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று விடியும்வரை காத்திருக்கிறார். அந்தச் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். இதைச் சொல்லத்தான் இன்று மைக்கைப் பிடித்தேன்.

என் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, குழுவில் "மூன்றாம் மாடிக்காரர்கள் ஒரே தொந்தரவு" என்று எழுதாதீர்கள். என்ன சத்தம், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். முதலாவது ஒரு குடும்பத்தின் மேல் முத்திரை குத்துகிறது. இரண்டாவதற்குத் தீர்வு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு நேரம் என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் வைத்திருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடினால் அது விளையாட்டு. இரவு பதினொன்றுக்கு ஸ்பீக்கர் அலறினால் தாராளமாகப் புகார் சொல்லுங்கள்.

இரண்டு, உங்கள் தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இந்த வாரமே நேரில் போய்ச் சொல்லுங்கள்: "அம்மா, ஏதாவதுன்னா ராத்திரி ரெண்டு மணின்னாலும் பெல் அடிங்க." குழுவில் பொதுவாகப் போட்டால் போதாது, தனக்குச் சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, 108க்குக் கீழே அவர்கள் போன் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நடு இரவில் நீங்கள் பெல் அடித்தால் எங்களுக்கு அரை மணித் தூக்கம் போகும், அவ்வளவுதான். அடிக்காமல் இருந்துவிட்டால் பிறகு எத்தனையோ இரவு எங்களுக்குத் தூக்கம் வராது. எது பெரிய தொந்தரவு என்று நீங்களே சொல்லுங்கள்.