பொருந்துவதும் இசைவதும்

பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலர் முதன்முதலில் வாங்குவது பழைய மோட்டார் வண்டி ஒன்றையே. அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் அது பயன்படும். கோடை விடுமுறையில் சில குடும்பங்கள் அதிலேயே ஊருக்கும் புறப்பட்டுவிடுகின்றன. அவ்வண்டியின் டர்போசார்ஜர் பழுதுற்றால், வேறு வகை வண்டியின் டர்போவை எடுத்து மாட்டிவிடலாம் என்று யோசனை கூறுவோர் உண்டு. அது தகுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

டர்போசார்ஜர் என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். ஆகவே சிறிய எஞ்சினும் பெரிய வேலையைச் செய்யும். ஸ்விட்சர்லாந்துப் பொறியியலார் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். கப்பல் எஞ்சின்களுக்கும் பயன்பட்ட இக்கருவி, 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களிலும் இடம்பெற்றது.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். ஃபியட் நிறுவனம் வகுத்த 1,248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின், மாருதி, டாட்டா, ஃபியட் என்னும் மூன்று பெயர்களில் வெளிவந்த பல கார்களில் இருந்தது. மாருதி நிறுவனம் 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இந்த எஞ்சின் ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் ஏறத்தாழ 75 குதிரைத்திறனும், லினியா, மான்சா போன்றவற்றில் 90 குதிரைத்திறனும் தந்தது. முன்னதன் டர்போ எளிய அமைப்புடையது. பின்னதன் டர்போவில் புகை செல்லும் வழியைக் குறுக்கியும் அகட்டியும் கொடுக்கும் சிறு இதழ்கள் உண்டு. அவ்விதழ்கள் எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை எஞ்சினின் கணினி ஆணையிடும்.

எஞ்சின் ஒன்றாயிருப்பதால் டர்போவும் ஒன்றே என்று எண்ணினார் நம் எதிர்வீட்டு நண்பர். அவருடையது 75 குதிரைத்திறன் வண்டி. பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் 90 குதிரைத்திறன் வண்டியின் டர்போ மலிவாகக் கிடைத்தது. சில குழாய்களை மாற்றி மிஸ்திரி அதை மாட்டியும் விட்டார். ஆயினும் வண்டி பாலம் ஏறவும் திணறியது. எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. ஒரு திங்களுக்குள் அந்த டர்போவும் ஓலமிட்டு நின்றது. மகள் திருமணத்திற்கு ஊர் செல்லச் சேர்த்திருந்த தொகையில் ஒரு பகுதி இவ்வாறு கரைந்தது.

வேறொரு பட்டறையில் தந்த சீட்டை நண்பர் நம்மிடம் கொணர்ந்தார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் சொற்களைப் பெயர்த்துவிட்டோம். பொருளை விளக்க அப்பட்டறையின் மூத்த மெக்கானிக்கே வேண்டியிருந்தது. அவர் இரண்டு பிழைகளைச் சுட்டினார். இதழ்களை இயக்கும் ஆணை அவ்வண்டியின் கணினியில் இல்லை. ஆகவே அவை திறந்தபடியே நின்றன. குறைந்த வேகத்தில் போதிய அழுத்தம் பிறக்கவில்லை. இது முதற் பிழை.

இரண்டாவதே பெரும்பிழை. டர்போவின் தண்டு நிமிஷத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. பழைய டர்போ கெட்டதற்குக் காரணம், காலத்தில் மாற்றாத எண்ணெய் கசடாகி, அதனைக் கொணரும் சிறு குழாயை அடைத்திருந்ததுதான். குழாயைத் தொடாமல் டர்போவை மட்டும் மாற்றினார்கள். புதிதாக வந்ததும் எண்ணெயின்றித் தேய்ந்தது. நோய் இருக்க, நோயாளியை மாற்றியதற்கு ஒப்பாகும் இது.

எனவே டர்போ மாற்ற நேர்ந்தால், முதலில் பழையது ஏன் கெட்டது என்று கேளுங்கள். எண்ணெய்க் குழாய், எண்ணெய் வடியும் வழி, காற்று வடிகட்டி, உடைந்த துணுக்குகள் தங்கக்கூடிய இன்டர்கூலர் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடுத்து, டர்போவின் மேல் பொறித்துள்ள எண்ணை உங்கள் வண்டிக்குரிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய டர்போ பெரும்பலன் தரும் என்று எண்ணுவதும் தவறு. சக்கரம் பெரிதானால் அது வேகம் பிடிக்கத் தாமதமாகும். நகர நெரிசலில் வண்டி சோர்ந்தே நிற்கும். வண்டிக்கு உரியதல்லாத டர்போவை வைத்தே தீரவேண்டுமாயின், எரிபொருள், கணினி, குளிர்விப்பு அனைத்தையும் அதற்கேற்ப அமைக்க வல்லவரிடமே செல்ல வேண்டும். அன்றியும், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆற்றலைக் கூட்ட விழைவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் வாக்கியத்தில் அப்படியே வைத்தால், இடம் நிரம்பும், பொருள் நிரம்பாது. இது நம் தொழில் நமக்குக் கற்பித்த பாடம். திருகாணி பொருந்துவது வேறு, எஞ்சினோடு இசைவது வேறு. நண்பர் இறுதியில் தம் வண்டிக்குரிய டர்போவையே வாங்கினார். எண்ணெயையும் காலந்தவறாமல் மாற்றிவருகிறார். திருமணத்திற்கு மட்டும் இரயிலில்தான் போய்வந்தார்.