அபராதம் கட்டியதோடு முடிந்ததா?
(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இம்மேடையில் நான் தேர்வுகளைப் பற்றியே பேசுவேன். இன்று நீதிமன்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது கோயிலில் பேசும் பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன். குளிர்சாதனப் பழுது பார்க்கும் வேலையில் கெட்டிக்காரன். பத்தொன்பது வயதில் கடைத்தெருவில் ஒரு கைகலப்பு. தண்டனைச் சட்டம் 323-ஆவது பிரிவின் கீழ் வழக்கு. "ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். தாயார் சங்கிலியை அடகு வைத்து 1,500 வெள்ளி அபராதம் கட்டினார். வழக்கறிஞர் யாரும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஐந்து ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பாரத்தில், எந்த நாட்டிலாவது நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பு உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினான். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. "நான் ஜெயிலுக்கே போகவில்லையே சார், அபராதம்தானே கட்டினேன்" என்றான் என்னிடம். அபராதமும் தண்டனைதான், அதற்கு முன் ஒரு குற்றத் தீர்ப்பு இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விவரம் தெரிய வந்தபோது, பழைய கைகலப்பைவிட "பொய்யான தகவல்" என்பதே பெரிதாகிவிட்டது. வேலை போயிற்று.

அன்பர்களே, செய்த தவற்றை ஒப்புக்கொள்வதை நான் குறை கூறவில்லை. அது நல்ல குணம். ஆனால் நீதிமன்றத்தில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற சொல் வீட்டில் அப்பாவிடம் சொல்வது போன்றதன்று. நமது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 305-ஆவது பிரிவின்படி, ஒப்புக்கொண்டு தீர்ப்புப் பெற்றவர் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத்தையும் பற்றித்தான் மேல்முறையீடு செய்யலாம். குற்றவாளியா இல்லையா என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. ஒப்புதலின் தன்மையும் விளைவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்குகிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டறிய வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் விளைவு என்றால் நம் பிள்ளைகள் காதில் விழுவது எத்தனை மாதம், எத்தனை வெள்ளி என்பதுதான். வேலை பற்றி அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

2012 ஜூன் முதல் இன்னொன்றும் நடைமுறையில் உள்ளது. குற்றம் சாட்டப்பட்டவரும் அரசுத் தரப்பும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். இதைப் பேரம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சந்தைப் பேரம் போல ஒலிப்பதால் எனக்கு அச்சொல் பிடிப்பதில்லை. உடன்பாடு அமைந்தால், சில வகைக் குற்றங்கள் நீங்கலாக, உச்ச தண்டனையில் பாதிக்கு மேல் விதிக்கப்படுவதில்லை. விண்ணப்பம் தன் விருப்பப்படி செய்ததா என்று நீதிபதி தனியே விசாரிப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாதியாவது தண்டனை. குற்றப் பதிவு பாதியாவதில்லை, முழுமையாக நிற்கிறது.

பதிவே இல்லாமல் முடியக்கூடிய வழியும் சட்டத்தில் உண்டு. 173ஏ பிரிவின் கீழ், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும், வயது, முந்தைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, தீர்ப்பைப் பதிவு செய்யாமலே எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. 294-ஆவது பிரிவிலும் பிணை உண்டு. ஆனால் அதில் குற்றத் தீர்ப்பு இருக்கிறது, தண்டனை மட்டுமே நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டையும் "பாண்டில் விட்டுவிட்டார்கள்" என்றே நம் வீடுகளில் சொல்கிறோம். வேலைப் பாரம் நிரப்பும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

இதையெல்லாம் கேட்டு வாங்க வழக்கறிஞர் வேண்டும். பணமில்லை என்று தயங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறநிறுவனம், ஒய்.பி.ஜி.கே. என்பார்கள், 2012 முதல் செயல்படுகிறது. கைதானவருக்கும் தடுப்புக்காவலில் இருப்பவருக்கும் அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். கைதானவர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளும் உரிமை 28ஏ பிரிவில் இருக்கிறது. பிள்ளை லோக்காப்பில் இருக்கும்போது முதல் தொலைபேசி அழைப்பு தெரிந்த அரசியல்வாதிக்குப் போகிறது. வழக்கறிஞருக்குப் போகட்டும்.

"ஐந்து வருஷம் ஆனால் தானாக அழிந்துவிடும்" என்று இளைஞர்கள் சொல்லக் கேட்கிறேன். அது அக்கரைச் சட்டம். சிங்கப்பூரில் 2005-இல் செய்த திருத்தத்தின்படி, 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், 5 ஆண்டுகள் புதுக் குற்றமின்றி இருந்தால், சில விலக்குகளோடு, அவருடைய பதிவு காலாவதியாகிறது. பிறகு பதிவு இல்லை என்றே அவர் சொல்லலாம். இங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவேடு இருக்கிறது. அக்கரைக் கணக்கை இக்கரையில் போட்டு ஏமாற வேண்டாம். வெளிநாடு செல்ல வெளியுறவு அமைச்சு வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கும் போலீஸ் பதிவு பார்க்கப்படுகிறது. பாதுகாவலர் வேலைக்கும் அப்படியே.

இங்கே லாரி நிறுவனம், உணவகம், அச்சகம் வைத்திருக்கும் அன்பர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கணக்கரைத் தேடும்போது பழைய பண மோசடியைப் பார்ப்பது நியாயம். சமையலறையில் பாத்திரம் கழுவ வருபவன் பத்தொன்பது வயதில் கைகலப்பில் இருந்தான் என்பதற்காகப் பாரத்தைக் கிழிப்பது என்ன நியாயம்? என்ன குற்றம், எந்த ஆண்டு, எந்த வேலைக்கு வருகிறான் என்று மூன்றையும் பாருங்கள்.

பிறருக்குச் சொல்லும் முன் நம் அலுவலகத்தையும் பார்க்க வேண்டும். நம் கல்வி உதவிப் பாரத்தில், "விண்ணப்பதாரர் மீது போலீஸ் வழக்கு உண்டா?" என்று ஒரு வரி இருக்கிறது. ஓரிரவு லோக்காப்பில் இருந்து வழக்கே இல்லாமல் வந்தவனும் அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விண்ணப்பிக்காமலே போகிறான். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், சிறார் நீதிமன்றத்தில் குற்றத் தீர்ப்பு, தண்டனை என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்கிறது. நாம் அச்சிட்டிருக்கிறோம். அந்த வரியை நீக்கிவிட்டு, "18 வயதுக்குப் பின் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் எதற்காக, எந்த ஆண்டு, அதன் பின் என்ன செய்து வருகிறீர்கள்?" என்று கேட்டு, எழுத நான்கு வரி இடம் விட வேண்டும் எனச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.